துவக்குக்கு ஒரு பொட்டு

தபோதரன் வீட்டில் கள்ளன் புகுந்த நேரத்தில், தபோதரன் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒரு கலியாண மண்டபத்தில் இரண்டாம் தரம் சோறு வாங்கிக்கொண்டிருந்தார்.

வந்த கள்ளன் நாகரிகமானவன். பின்கதவைப் பக்குவமாகத் திறந்து, கால்மிதியில் சப்பாத்தைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தான். தொலைக்காட்சியைத் தொடவில்லை. அலுமாரியைக் கிண்டவில்லை. நேரே குசினிக்குப் போய் அரிசி வாளியைக் கவிழ்த்திருந்தான். மகள் சுஜானிக்கென்று மனைவி ஜெயமலர் பவுன் பவுனாகச் சேர்த்து வைத்த நகைகள் அரிசிக்குள்தான் இருந்தன.

விசாரிக்க வந்த இளம் பொலிஸ்காரர் நிலத்தில் கொட்டிக் கிடந்த அரிசியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"தங்கத்தை ஏன் அரிசிக்குள் வைக்கிறீர்கள்?"

"கள்ளருக்குத் தெரியாமல் இருக்கத்தான்."

"அவர்களுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். இந்த வட்டாரத்தில் எல்லாத் தமிழ் வீடுகளிலும் அரிசிக்குள்தான் இருக்கிறது" என்றார் அவர் இரக்கத்தோடு. அடுத்த தடவை வெளியே போகும்போது ஒரு விளக்கை எரியவிட்டுப் போகும்படி ஆலோசனை சொன்னார். சில வாரங்களுக்குப் பிறகு, கள்ளனைக் கண்டுபிடிக்க முடியவில்லை, கோவை மூடப்படுகிறது என்று தகவல் வந்தது. கூடவே, வீட்டில் பாதுகாப்பாக உணர்வது எப்படி என்று ஒரு வண்ணக் கையேடு. அட்டையில் ஒரு ஜெர்மன் குடும்பம் நாயோடு சிரித்துக்கொண்டிருந்தது.

கையேடு வந்தும் ஜெயமலருக்கு நித்திரை வரவில்லை. இருட்டினால் சாப்பாட்டு மேசையை இழுத்துப் பின்கதவில் முட்டுக் கொடுப்பாள். விடிந்ததும் திரும்ப இழுத்துக்கொண்டு வந்து போடுவாள். மேசைக்கால் பட்டு நிலத்தில் இரண்டு கோடுகள் விழுந்துவிட்டன. ஒருநாள் தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, நான் லண்டனுக்கு, தங்கச்சி ரஞ்சினியிட்டப் போறன்."

"கிறிஸ்மஸ் லீவுக்கோ?"

"போறன் எண்டால் போறன். இந்த வீட்டில இனி இருக்க ஏலாது. வித்துப்போட்டு நீங்களும் வாறதெண்டால் வாங்கோ."

தபோதரன் யுத்தத்துக்குத் தப்பி, பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரு சின்னப் பையோடு வந்து இறங்கியவர். பாண் தொழிற்சாலையில் மாவு மூட்டையோடு மூட்டையாக உழைத்து வாங்கியது இந்த வீடு. மகளை விட்டால், வீட்டையும் ஜெயமலரையும் தவிர அவருக்கு ஜெர்மனியில் சொந்தம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இப்போது ஒன்று வேண்டுமானால் மற்றதை விடவேண்டும் என்ற நிலை. அவர் ஒரு முடிவுக்கு வந்தார்.

"துவக்கு ஒண்டு வாங்குவம்."

ஜெயமலர் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். சுஜானிதான் பாய்ந்தாள். அவள் காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை செய்பவள்; ஆபத்தைக் கணக்குப் பார்ப்பதே அவளுக்குத் தொழில்.

"அப்பா, இது அமெரிக்கா இல்லை. துவக்கு இருக்கிற வீட்டிலதான் கூடுதலா ஆக்கள் சாகிறது. அம்மாட்டக் கேட்டனீங்களோ?"

"அம்மாவுக்காகத்தானே பிள்ளை வாங்கிறது!"

"அம்மாட்டக் கேட்டனீங்களோ எண்டுதான் நான் கேட்டனான்."

தபோதரனுக்கு அந்த வித்தியாசம் விளங்கவில்லை. அவர் ஜெயமலருடன் ஓர் ஒப்பந்தம் பேசினார். துவக்கு வரட்டும், வந்த பிறகும் நித்திரை வராவிட்டால் லண்டனுக்குப் போகலாம். ஜெயமலர் தலையாட்டினாள். பயணப் பெட்டியை மட்டும் பரணிலிருந்து இறக்கி வைத்துக்கொண்டாள்.

மாவட்ட ஆயுத அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், கிடைத்தது. அங்கே ஆயுதங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் பிட்னர் அம்மையார். மேசையில் ஒரு கள்ளிச்செடியும் ஒரு பேனையும் மட்டும் இருந்தன.

"உங்களுக்கு ஆயுதம் எதற்கு?"

"வீட்டைப் பாதுகாக்க. கள்ளன் வந்துவிட்டான்."

அம்மையார் பேனையைக் கீழே வைத்தார்.

"திரு. தபோதரன், இந்த நாட்டில் மனிதர் ஆயுதம் வைத்திருக்கப் பல காரணங்கள் உண்டு. மான் சுடலாம். காகித வட்டத்தைச் சுடலாம். பழைய துப்பாக்கிகளைச் சேர்த்து, சுடாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். உங்கள் பாட்டனார் ஒன்றை விட்டுவிட்டு இறந்திருந்தால் அதையும் வைத்திருக்கலாம். நீங்கள் சொன்னது ஒன்றுதான் காரணம் ஆகாது."

"எனக்குத் தேவை இருக்கிறதே?"

"தேவை என்பது நிரூபிக்கப்பட வேண்டியது. சும்மா இருப்பதெல்லாம் தேவை ஆகாது. உங்களுக்குப் பயமாக இருக்கிறதா?"

"ஓம்... ஆம். பயமாகத்தான் இருக்கிறது."

"பார்த்தீர்களா! பயந்த மனிதர் கையில் ஆயுதம் ஆபத்தானது. கொடுக்க முடியாது."

"சரி, பயமில்லை என்று வையுங்கள்."

"பயமில்லாதவருக்கு ஆயுதம் எதற்கு?"

தபோதரன் கள்ளிச்செடியைப் பார்த்தார். அதற்குக்கூடப் பாதுகாப்புக்கு முள் இருந்தது. எழும்பிப் போகத் திரும்பியபோது அம்மையார் குரலைத் தாழ்த்தினார்.

"தெருவுக்கு அந்தப் பக்கம் குறிசுடுவோர் சங்கம் இருக்கிறது. அங்கே போய்ச் சேருங்கள். ஒரு வருடம் ஒழுங்காகப் போனால் உங்களுக்குத் தேவை உண்டாகும். ஆனால் பாதுகாப்பு என்ற சொல்லை அங்கே எடுக்காதீர்கள். புண்படுவார்கள்."

சங்கத்தின் தலைவர் குரோப். பச்சைக் கோட்டு, தொப்பியில் இறகு, நெஞ்சு நிறையப் பதக்கம். அவர் நடந்தால் மாட்டு வண்டி வருவதுபோலச் சத்தம் கேட்கும். தபோதரனின் தோளில் கை போட்டு அவர் வரவேற்புரை ஆற்றினார்.

"டாபோ, இங்கே முக்கியம் நட்பு. இரண்டாவது பாரம்பரியம். மூன்றாவது பியர். துப்பாக்கி அதற்குப் பிறகுதான். எங்கள் முன்னோர் இந்த ஊரைக் கொள்ளையரிடமிருந்து காக்கத்தான் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள்."

"நானும் அதற்குத்தான் வந்தேன்!" என்று தபோதரன் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

குரோப்பின் முகம் கறுத்தது. "அது அந்தக் காலம். இப்போது அப்படி நினைப்பவன் மனநோயாளி."

அந்த ஒரு வருடத்தில் தபோதரன் துப்பாக்கியைத் தொட்டது கொஞ்சம். கூடுதலாகத் தொட்டது கதிரை. கூட்டத்துக்கு முதல் விரிக்க வேண்டும், முடிந்ததும் அடுக்க வேண்டும். உருளைக்கிழங்கு உரித்தார். கொடி பிடித்தார். யாருக்காவது பதக்கம் குத்தும்போது கை தட்டினார். ஒவ்வொரு கிழமையும் யாருக்காவது குத்தினார்கள். ஒருமுறை அவர் ஜெயமலர் சுட்ட மட்டன் ரோல்ஸ் கொண்டு போனார். குரோப் ஒன்றைக் கடித்தார். கண்ணை மூடினார். "டாபோ, நீ எங்கள் குடும்பம்" என்றார். அன்றிலிருந்து குடும்பத்துக்கு மாதம் ஒரு தட்டம் ரோல்ஸ் போனது.

குரோப் அவரைத் தன் வீட்டுக்கும் அழைத்தார். கீழறை இரும்புப் பெட்டியில் விதம் விதமான துப்பாக்கிகள். பெட்டியின் திறப்பு குசினிக் கதவுக்குப் பின்னால், போத்தல் திறப்பானுக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் தொங்கியது. பியர் எடுக்கப் போகிறவர்கள் சில நேரம் மாறி எடுத்துவிடுவார்கள். சங்கத்தில் அந்த ஆணியைத் தெரியாதவர் இல்லை.

அந்த வசந்தத்தில், தூரத்து ஊர் ஒன்றில் எவனோ துப்பாக்கியால் அநியாயம் செய்துவிட்டான். சட்டத்தை இறுக்க வேண்டும் என்று நாடு முழுவதும் பேச்சு. சங்க மண்டபத்திலும் ஒரு விவாத மாலை வைத்தார்கள். கதிரைகளைத் தபோதரன் விரித்தார். ஜெயமலர் பின்வரிசையில் ரோல்ஸ் தட்டத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

முதலில் பிட்னர் அம்மையார் பேசினார். "அரசு உங்களை முழுமையாக நம்புகிறது. அதனால்தான் முன்னறிவிப்பில்லாமல் வந்து சோதிக்கிறது. நம்பாதவர்களை நாங்கள் சோதிப்பதில்லை. அவர்களிடம் அனுமதி இல்லை, ஆகவே அவர்களிடம் ஆயுதமும் இல்லை."

"கள்ளத் துவக்கு வைச்சிருக்கிறவனை?" என்று பின்வரிசையில் ஜெயமலர் தமிழில் கேட்டது அம்மையாருக்குக் கேட்கவில்லை.

பிறகு குரோப் எழும்பினார். பதக்கங்கள் அடங்க ஒரு நிமிடம் பிடித்தது. "இன்னும் கட்டுப்பாடா? எங்களைவிடக் கட்டுப்பாடான மனிதர் இந்தக் குடியரசில் உண்டா? எங்கள் துப்பாக்கிகள் உலகத்திலேயே பாதுகாப்பானவை. ஏனென்றால் அவற்றால் எந்தப் பயனும் இல்லை! என் பெட்டியின் திறப்பு எங்கே இருக்கிறது என்று என் மனைவிக்கே தெரியாது!"

மண்டபம் அதிரச் சிரித்தது. ஆணியை நினைத்துத் தபோதரனும் சிரித்தார். ஊரே சிரிக்கும் ஒரு பகிடி அந்த நாட்டில் தனக்கும் விளங்கியது அவருக்கு அதுதான் முதல் தடவை. நெஞ்சு குளிர்ந்துபோனது.

"யுத்தத்தைக் கண்ட எங்கள் டாபோவும் இரண்டு வார்த்தை பேசுவார்" என்று குரோப் அறிவித்தார். தபோதரன் தயங்கித் தயங்கி எழும்பினார்.

"எங்கள் ஊரில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் எல்லாருமே, மக்களைப் பாதுகாக்கத்தான் வைத்திருக்கிறோம் என்றார்கள். பிறகு..."

மணி அடித்தது. சொசேஜ் வெந்துவிட்டது. எல்லாரும் பலமாகக் கை தட்டிவிட்டு வரிசையில் நின்றார்கள். தபோதரன் மிச்சத்தை விழுங்கிக்கொண்டு கதிரை அடுக்கத் தொடங்கினார். ஜெயமலர் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோடை விழாவில் மரக்கழுகு சுட்டார்கள். உயரமான கம்பத்தில் மரத்தால் செய்த கழுகை நிறுத்தி, ஆளுக்கொரு சூடாகச் சுட்டுச் சிராய் சிராயாக உதிர்ப்பார்கள். கடைசித் துண்டை விழுத்துகிறவர் அந்த வருடத்து மன்னர். மன்னர் வருடம் முழுவதும் சங்கத்துக்கே விருந்து வைக்க வேண்டும். அதனால் கழுகு ஒற்றைச் சிராயில் தொங்கத் தொடங்கியதும் சங்கத்தின் மகா வீரர்களுக்கெல்லாம் திடீரென்று கண் மங்கிவிடும். மாவட்டச் சம்பியன் ஒரு முகிலைச் சுட்டார். குரோப்பின் சன்னம் தேவாலயத்துக் காற்றுச் சேவலில் பட்டு 'டங்' என்றது.

இந்த எழுதாத விதியைத் தபோதரனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சங்கத்தில் சொல்லித் தந்தபடி அவர் மூச்சை அடக்கிக் குறி பார்த்துச் சுட்டார். கழுகு விழுந்தது. கூட்டமே நிம்மதிப் பெருமூச்சோடு ஆர்ப்பரித்தது. "மன்னர் டாபோ வாழ்க!"

மன்னரையும் அரசியையும் குதிரை வண்டியில் ஊர்வலம் கொண்டு போனார்கள். ஜெயமலர் கூறைச்சேலை உடுத்து, எண்ணெய் சுட்டுக் கை சிவந்த களைப்போடு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் முழுவதும் அவள் ரோல்ஸ் சுற்றியிருந்தாள்.

"அரசி எண்டால் வேலைக்காரர் இருக்கவேணுமெல்லோ?" என்று கேட்டாள்.

"சும்மா இருமப்பா, சனம் பாக்குது. கையை ஆட்டும்."

தேவாலய வாசலில் வண்டி நின்றது. பாதிரியார் வெளியே வந்து, சங்கக் கொடிக்கும் சாத்தி வைத்த துப்பாக்கிகளுக்கும் புனித நீர் தெளித்து ஆசீர்வதித்தார். குரோப் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அந்தக் காட்சி தபோதரனின் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. பின்னால் வந்த வினையெல்லாம் அங்கேதான் முளைத்தது.

மன்னருக்கு உடனே சான்று கிடைத்தது. குரோப் எழுதிக் கொடுத்தார்: இவருக்கு ஆயுதம் தேவை, ஏனெனில் இவர் யாரையும் சுட விரும்பவில்லை. பிட்னர் அம்மையாருக்கு அது முழுத் திருப்தி. அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், நிறைவேறியது. சிறு சன்னம் போடும் போட்டித் துப்பாக்கி ஒன்றும், அதைப் பூட்டி வைக்க அதைவிட மிகப் பெரிய இரும்புப் பெட்டி ஒன்றும் வந்து சேர்ந்தன. அந்தப் பெட்டியைத் தாங்கக்கூடிய கொங்கிறீற் சுவர் வீட்டில் ஒன்றே ஒன்றுதான், அது சாமியறையில். முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் பெட்டியைச் சுவரோடு திருகாணியால் முடுக்கினார்கள்.

பிட்னர் அம்மையார் நேரில் வந்து விதி சொன்னார்.

"திறக்கும் இலக்கம் உங்களுக்கு மட்டும்தான் தெரியலாம். உங்கள் மனைவிக்குத் தெரியக் கூடாது."

"கள்ளன் வந்தால்?"

"வந்தால் நீங்கள் முதலில் கண்ணாடியைப் போட வேண்டும். இங்கே வந்து கதவைச் சாத்த வேண்டும். இலக்கத்தை அமுக்கி, ஆயுதத்தை எடுத்து, அது வெறுமையா என்று பார்க்க வேண்டும். அதற்குள் கள்ளன் போய்விடுவான். அதுதான் எல்லாருக்கும் நல்லது."

"போகாமல் நின்றால்?"

"ஆயுதத்தைத் திரும்பப் பூட்டிவிட்டுப் பொலிசுக்கு அழைக்க வேண்டும். போட்டிக்குத் தந்த ஆயுதத்தைக் கள்ளனுக்குக் காட்டுவது அனுமதியின் நோக்கத்தை மீறுவது. கள்ளன் உறுப்பினர் அல்லவே?"

அன்று ஜெயமலர் மேசையை இழுத்துப் பின்கதவில் முட்டுக் கொடுக்கவில்லை. தபோதரனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. துவக்கு வேலை செய்துவிட்டது! எட்டிப் பார்த்தார். மேசை சாமியறைக் கதவில் முட்டுக் கொடுத்து நின்றது.

"என்னப்பா இது?"

"கள்ளன் வந்தால் நகையோட போவான். இது வீட்டுக்குள்ளயே இருக்கு" என்றாள் ஜெயமலர். "நவராத்திரி முடிய நான் போறன்."

தபோதரன் இடிந்துபோனார். வேலைத்தலத்தில் மாவு பிசையும் யந்திரத்தின் முன்னால் நின்று யோசித்தார். நவராத்திரி முடியும் நாள் ஆயுத பூசை. அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது.

"இஞ்சாரும், பிரஷர் குக்கர் வெடிச்ச பிறகு நீர் அதைத் தொட மாட்டன் எண்டு நிண்டனீர். ஆயுத பூசைக்குப் பொட்டு வைச்சனீர். பிறகு பயம் போச்சுது. கார் அடிபட்ட பிறகும் அப்பிடித்தானே? இதுக்கும் ஒரு பொட்டு வைச்சுப் பாரும். ஒருக்கால் தொட்டால் பயம் தெளிஞ்சிடும்."

ஜெயமலர் சாமியறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு, "சரி. எனக்காக எவ்வளவு கதிரை அடுக்கினனீங்கள். பொட்டுத்தானே" என்றாள்.

அந்தச் சந்தோசத்தை யாரிடம் சொல்வது? தபோதரன் குரோப்பிடம் ஓடினார். "உங்கள் பாதிரியார் தண்ணீர் தெளிப்பதுபோல எங்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. நாளை பின்னேரம் வாருங்கள். என் மனைவி தன் கையால் பொட்டு வைக்கப் போகிறாள்."

குரோப் நெகிழ்ந்துபோனார். "அற்புதம், டாபோ. இப்போதுதான் நாங்கள் உண்மையில் ஒன்று" என்று கட்டிப்பிடித்தார்.

ஆயுத பூசையன்று சாமியறையில் பட்டுத் துணி விரித்தார்கள். சுஜானியின் மடிக்கணினி, கத்தி, தேங்காய் துருவி, தையல் யந்திரம், பிரஷர் குக்கர், நடுவில் துப்பாக்கி. தபோதரன் அதை வெறுமையாக்கி, ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் வைத்தார். ஜெயமலர் சந்தனத்தைக் குழைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு குழாயின் நடுவில் ஒரு பொட்டு வைத்தாள், மேலே குங்குமம். ஒரு செவ்வந்தி மாலை.

அழைப்பு மணி அடித்தது.

"குரோப் வந்திட்டார்!" என்று தபோதரன் கதவைத் திறக்க ஓடினார்.

வாசலில் பிட்னர் அம்மையாரும் இன்னொரு அதிகாரியும் நின்றார்கள். "முன்னறிவிப்பில்லாத சோதனை" என்றார் அம்மையார். கர்ப்பூர மணம் பிடித்துக்கொண்டு நேரே சாமியறைக்குப் போனார். ஆயுதம் பட்டில் படுத்திருந்தது. பக்கத்தில், அனுமதியில்லாத ஒரு பெண் கையில் தீயோடு நின்றாள்.

அதிகாரிகள் விவரம் குறிக்கத் தொடங்கினார்கள். ஆயுதம் மாலையணிந்த நிலையில் காணப்பட்டது. நெற்றியில் செந்நிறப் பொருள். ஆயுதத்துக்கு நெற்றி எது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. தேங்காய் துருவியைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பு எழுதினார்கள். அதன் பல்லைக் கண்டு இளைய அதிகாரி பின்வாங்கினார்.

"இன்றைக்கு என்று பார்த்து எப்படி வந்தீர்கள்?" என்று தபோதரன் கேட்டார்.

"பொறுப்புள்ள குடிமகன் ஒருவர் அழைத்துச் சொன்னார். சங்கத் தலைவர் என்ற முறையில் அது அவருடைய கடமையும்கூட."

குரோப் கட்டிப்பிடித்த இடம் இன்னும் தபோதரனின் தோளில் சூடாக இருந்தது.

ஆயுத அலுவலகத்தில் விசாரணை நடந்தது. சுஜானி முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "அம்மா, நீங்கள் தொடேல்லை. அப்பாதான் பொட்டு வைச்சவர். இலக்கம் உங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான்."

குரோப் எல்லாப் பதக்கங்களோடும் வந்து சாட்சி சொன்னார். "டாபோவை நான் சகோதரனாக நேசிக்கிறேன். அதனால்தான் காட்டிக் கொடுத்தேன். நான் சொல்லாமல் விட்டு, பிறகு அது வெளியே வந்தால், அதிகாரிகள் எங்கள் எல்லாருடைய வீட்டுக்கும் அல்லவா வருவார்கள்? ஒரு சங்கத்தின் தலைவன் தன் உறுப்பினர்களைப் பாதுகாக்க வேண்டாமா?"

பாதுகாப்பு என்ற அந்தச் சொல்லை அவர் சொல்லியே விட்டார். ஒருவரும் புண்படவில்லை.

தபோதரனுக்கு நெஞ்சு கொதித்தது. "என் மனைவி பொட்டு வைத்தது குற்றம். உங்கள் பாதிரியார் தண்ணீர் தெளித்தது?"

"தண்ணீர் காய்ந்துவிடும்" என்றார் பிட்னர் அம்மையார். "செந்நிறப் பொருள் ஒட்டியிருந்தது."

"இவர் பெட்டியின் திறப்பு குசினியில் ஆணியில் தொங்குகிறது! ஊருக்கே தெரியும்!"

அம்மையார் மற்ற உறுப்பினர்கள் பக்கம் திரும்பினார். வருடம் முழுவதும் ரோல்ஸ் தின்ற வாய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மாவட்டச் சம்பியன் எழும்பி, தான் எந்த ஆணியையும் பார்த்ததில்லை என்றார். கொடி பிடிப்பவர், தனக்கு ஆணி என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது என்றார். பொருளாளர் இன்னும் ஒரு படி மேலே போய், குரோப் வீட்டில் குசினியே இல்லை என்று சொல்லிவிட்டார். குரோப் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மண்டபம் முழுக்கச் சிரித்த பகிடி, இன்றைக்குத் தபோதரனைத் தவிர ஒருவருக்கும் ஞாபகமில்லை.

கடைசியாக ஜெயமலரை அழைத்தார்கள்.

"நீங்கள் ஆயுதத்தைத் தொட்டீர்களா?"

சுஜானி தாயின் முழங்கையை அமுக்கினாள். தபோதரன் கண்ணால் கெஞ்சினார்.

"தொட்டேன்" என்றாள் ஜெயமலர். "தொடாமல் சந்தனம் பூச முடியாது."

"பெட்டியின் இலக்கம் தெரியுமா?"

"தெரியும். எங்கள் கலியாண நாள்."

"கணவர் சொன்னாரா?"

"இல்லை. இத்தனை வருடத்தில் அந்த நாள் இவருக்கு ஞாபகம் இருந்ததே இல்லை. இந்த வருடம் பூவோடு வந்தார். எனக்கு விளங்காதா?"

தீர்ப்பு வாசிக்கப்பட்டது. தபோதரன் நம்பகத்தன்மையற்றவர். அனுமதி ரத்து. ஆயுதம் பறிமுதல். குரோப் எழும்பி வந்து தபோதரனின் கையைப் பிடித்துக் குலுக்கி, நம்பகத்தன்மையற்றவர் சங்கத்தில் இருக்க முடியாது என்பதையும், விழாவில் தோளில் போட்டுவிட்ட மன்னர் பட்டியை வெளுத்துத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் கண் கலங்கச் சொன்னார்.

வீடு திரும்பும் பேருந்தில் தபோதரன் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்.

"அவங்கள் பிறத்தியார், செய்வாங்கள். நீருமே? ஒரேயொரு பொய். எனக்காக ஒரு பொய் சொல்ல ஏலாதோ?"

"ஏலும்" என்றாள் ஜெயமலர்.

"அப்ப வேணுமெண்டே சொன்னனீரோ!"

"ஓம். வேணுமெண்டுதான்." அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "பொட்டு வைக்கேக்க கண்ணை மூடினன். பயம் போகேல்லை. நானும் ஷோனெஃபெல்ட்டில வந்து இறங்கினவள்தான். கள்ளருக்குப் பயந்து வரேல்லை, துவக்குக்குப் பயந்து வந்தனான். அண்டைக்கு மண்டபத்தில நீங்களே அதைத்தான் சொல்ல வெளிக்கிட்டனீங்கள். மணி அடிக்க விட்டிட்டியள். அலுவலகத்தில கேட்டியள், சங்கத்தில கேட்டியள். என்னட்ட ஒருக்கால் கேட்டிருந்தால் நான் அரிசி வாளியை மாத்தியிருப்பன்."

இறங்கும்வரைக்கும் தபோதரன் அவள் பக்கம் திரும்பவில்லை.

இரும்புப் பெட்டி சுவரோடு முடுக்கினபடி மிஞ்சிவிட்டது. கழற்றினால் சுவரும் சேர்ந்து வரும். ஜெயமலர் மிச்சமிருந்த நகைகளை அதற்குள் வைத்து, இலக்கத்தை மாற்றினாள். புது இலக்கத்தைத் தபோதரனுக்குச் சொல்லவில்லை. நம்பகத்தன்மையற்றவர் என்று அரசாங்கமே சொல்லிவிட்ட ஆள் அல்லவா? லண்டன் பெட்டி பரணுக்கு ஏறியது. சாப்பாட்டு மேசை சாப்பாட்டு மேசையாகவே நின்றது. ஜெயமலர் குறட்டை விட்டு நித்திரை கொண்டாள். பக்கத்தில் தபோதரன்தான் விழித்துக் கிடந்தார்.

அவர் ஒரு தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருந்தார். குரோப் எப்படியும் அழைப்பார், மன்னிப்புக் கேட்பார். மன்னிப்பதா வேண்டாமா என்றுகூட யோசித்து வைத்திருந்தார். கோடை பிறந்த ஒரு சனிக்கிழமை அழைப்பு வந்தது.

"டாபோ, என் சகோதரனே!" என்றார் குரோப். "மனம் கேட்கவில்லை. அழைத்துவிட்டேன்."

தபோதரன் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். "சொல்லுங்கள்."

"விழா வருகிறது. நீ உறுப்பினர் இல்லைதான். ஆனாலும் நேற்றைய கூட்டத்தில் எல்லாரும் ஒரே குரலில் வாக்களித்தோம். ரோல்ஸ் நீதான் கொண்டுவர வேண்டும்."

தபோதரன் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு ஜெயமலரைப் பார்த்தார். பேருந்தில் முகம் திருப்பியதற்குப் பிறகு அவளை நேராகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"ரோல்ஸ் வேணுமாம்."

ஜெயமலர் மா பிசைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஏன் வேணுமாம் எண்டு கேளுங்கோ. பசிக்குது எண்டு மட்டும் சொல்ல விடாதேங்கோ. அது காரணமில்லை."

தபோதரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிட்னர் அம்மையாரின் குரலிலேயே பேசினார்.

"திரு. குரோப், பசி என்பது தேவையாக அங்கீகரிக்கப்படவில்லை. தேவை நிரூபிக்கப்பட வேண்டும்."

அந்தப் பக்கம் பதக்கங்கள் மெல்லக் குலுங்குவது மட்டும் கேட்டது. குரோப் சட்டத்தை மதிக்கும் மனிதர். அவர் குரல் தாழ்ந்து, மரியாதையாக வந்தது.

"நான் எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?"

"எங்கள் தமிழ்ச் சங்கத்தில்" என்றார் தபோதரன். "முதலில் ஒரு வருடம் கதிரை அடுக்க வேண்டும்."